போணி நேரத்துச் சம்பந்தம்

கானா நாட்டின் டெமா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த புதிதில், தக்காளி வாங்கப் போன இடத்தில் ஒருத்தியும் என்னை மனிதனாக மதிக்கவில்லை. குவியலுக்கு முன்னால் நின்று எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கடைக்கார அம்மாள் எனக்குப் பின்னால் இருந்த மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மந்தமோ என்று கொஞ்சம் உரக்கக் கேட்டேன். அவள் பக்கத்துக் கடைக்காரியிடம் ஏதோ சொல்ல, வரிசை முழுவதும் குலுங்கிச் சிரித்தது. வெறும் பையோடு திரும்பினேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. இங்கே முதலில் காலை வணக்கம் சொல்ல வேண்டும். நன்றாகத் தூங்கினாயா, வீடு சுகமா, பிள்ளைகள் சுகமா என்று வரிசையாக விசாரிக்க வேண்டும். பதிலுக்கு அவள் என் பிள்ளைகளை விசாரிப்பாள்; கல்யாணமே ஆகாத நான் எல்லாரும் சுகம் என்று சொல்லிவைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் தக்காளி. எங்கள் சென்னைக் காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலத்தின்போது ஒருத்தி வந்து வீடு சுகமா, பிள்ளைகள் சுகமா என்று ஆரம்பித்தால், கைமாற்று கேட்க வந்திருக்கிறாள் என்று அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

நான் இராயபுரத்துக்காரன். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்து, மாமா வேலை பார்த்த ஐஸ் ஃபேக்டரியிலேயே மெக்கானிக் வேலை பழகியவன். டெமாவில் மீன் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்து, கானாவுக்குப் போகிறேன் என்று தெருவில் சொன்னபோது, யார் வீட்டில் சாவு, எந்தப் பாட்டு கோஷ்டி என்று கேட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் கானா என்றால் அது ஒன்றுதான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பெயர் கன்னியம்மா. அப்பா கடலில் போனபிறகு, ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்று என்னை ஆளாக்கியவள். நான் ஒரே பிள்ளை. இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று அவள் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

டெமாவில் எனக்குச் சோறு போட்டவர் ஆன்ட்டி எஸ்தர். துறைமுக வாசலுக்கு எதிரே தகரக் கொட்டகையில் சாப்பாட்டுக் கடை நடத்தினார். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, தலையில் எப்போதும் ஒரு துணிக்கட்டு. தக்காளி விவகாரம் அவர் காதுக்குப் போனதும், விலை பேசத் தெரியாத இந்தப் பையனை இப்படியே விட்டால் சந்தையே இவனைத் தின்றுவிடும் என்று சனிக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மூட்டை தூக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை, என்னைக் காட்டி விலை குறைக்க. கருவாடு மாதிரி இருந்த என் கையைப் பிடித்துத் தூக்கி, ஊரிலிருந்து வரும்போது இவன் குண்டாக இருந்தான், உன் வெங்காய விலையைக் கேட்டுக் கேட்டு இப்படி ஆகிவிட்டான் என்பார். நானும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வேன். அதற்குக் கூலியாக அன்றைய சாப்பாட்டில் ஒரு துண்டு மீன் கூடுதலாக விழும்.

அவர் விலை பேசுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். மீன்காரி விலை சொன்னதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிடுவார். நான் மீனைக் கேட்டேன், நீ படகையும் சேர்த்துச் சொல்கிறாயே என்பார். வள்ளிக்கிழங்கைத் தூக்கிப் பார்த்து, இவள் என் மகனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளா, இவ்வளவு கேட்கிறாயே என்பார். விற்கிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. இந்தக் காசுக்கு நான் கிழங்கைப் படம் வரைந்துதான் தரமுடியும் ஆன்ட்டி என்பாள் ஒருத்தி. யாருக்கும் கோபம் வராது. என்ன பேசியும் விலை இறங்காவிட்டால் கடைசியாக ஒன்று இருக்கிறது. தலைக்கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடக்கத் தொடங்குவார். அந்த நடை இருக்கிறதே, மாலையும் கழுத்துமாக வருகிற கல்யாணப் பெண்கூட அவ்வளவு மெதுவாக நடக்கமாட்டாள். மிளகாய்க் குவியல் முன்னால் நிற்பார், செருப்பைக் கழற்றி உதறுவார், வானம் பார்ப்பார். திரும்பி மட்டும் பார்க்கமாட்டார். கடைக்காரி பல்லிடுக்கில் "ஸ்ஸ்ஸ்" என்று கூப்பிடும்வரை இது நடக்கும். கூப்பிட்டவள் தோற்றாள், கேட்ட விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

இதில் இன்னொரு கண்டிஷனும் உண்டு. நீ கேட்ட விலைக்கு அவள் சரி என்று சொல்லிவிட்டால், வாங்காமல் போகக்கூடாது. போனால் அந்தச் சந்தையில் உன் வார்த்தைக்கு மரியாதை கிடையாது. ஒருமுறை, அழுகல் வெங்காயத்தைத் தலையில் கட்டப் பார்த்த ஒருத்தியிடமிருந்து தப்பிக்க, ஆன்ட்டி வேண்டுமென்றே அடிமாட்டு விலை கேட்டார். பாவி, அவள் சரி என்று சொல்லித் தொலைத்தாள். முகம் சுண்டிப்போனாலும் ஆன்ட்டி மறுபேச்சுப் பேசாமல் மூட்டையைத் தூக்கச் சொன்னார். அது தீரும்வரை கடையில் வெங்காயத்தைத் தவிர வேறு வாசனையே இல்லை. தின்றவன் நான், சொல்கிறேன். மற்றபடி எல்லாம் முடிந்ததும் கடைக்காரி மேலே ஒன்று எடுத்துப் போடுவாள். நம்ம ஊர் கொசுறுதான். அதைக் கேட்காமல் வந்தால் இரண்டு பேருக்குமே வியாபாரம் செய்த திருப்தி இருக்காது.

கடையில் பரிமாறிக்கொண்டிருந்த எஃபுவா அவருடைய ஒரே மகள். எங்களுக்குள் எப்படி ஆரம்பித்தது என்று இங்கே விவரித்தால், இதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு என்னை உதைப்பாள், அதனால் வேண்டாம். கல்யாணம் என்று முடிவானதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். அழுவாளோ என்று பயந்தேன். "செவுள தூக்கி பாக்காம நான் மீனே எடுக்க மாட்டேன். அந்த பொண்ணோட அம்மாவ இட்டுகினு வா, மூஞ்ச பாத்து பேசிக்கிறேன்" என்றாள். இந்தப் பக்கம் ஆன்ட்டிக்கு வேறு நியாயம். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் மது பாட்டில்களோடு வந்து பெண் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஆனால் அம்மாவிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, விமானம் ஏறுகிற தைரியமும் இல்லை. யோசித்துப் பார்த்த ஆன்ட்டி, நானே கிளம்பி வருகிறேன், ஆனால் நான் கடல் தாண்டி வந்ததைப் பேச்சில் கழித்துக்கொள்வேன் என்று அப்போதே சொல்லிவிட்டார். சூசூ என்று அவர்கள் சொல்லும் சீட்டுப் பணத்தை எடுத்து, இரண்டு டிக்கெட் போட்டார்கள்.

சென்னையில் அவர்களை மண்ணடியில் ஒரு லாட்ஜில் தங்கவைத்தேன். அந்த வாரத்தில் ஆன்ட்டி தமிழில் இரண்டே வார்த்தைதான் கற்றார்: எவ்ளோ, பத்து. எதைக் காட்டி யார் என்ன விலை சொன்னாலும் அவருடைய முதல் பதில் பத்து. வண்ணாரப்பேட்டையில் ஒரே விலை என்று பலகை தொங்கிய துணிக்கடையில் புகுந்து, முதலாளியின் அம்மா, பிள்ளைகள் எல்லாரையும் என் மூலமாக நலம் விசாரித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பயந்துபோன முதலாளி சோடா வரவழைத்து, விலையையும் குறைத்து, மேலே ஒரு கைக்குட்டையும் மஞ்சப்பையும் கொடுத்து அனுப்பினார். எங்கள் பிளாக்கில் பிள்ளைகள் எஃபுவாவின் பின்னல்களைத் தொட்டுப் பார்க்க வரிசை கட்டி நின்றார்கள். பெண் இவ்வளவு கறுப்பா கீதே என்று எதிர்வீட்டு அக்கா அம்மாவின் காதில் ஓத, நாம மட்டும் சந்தன கலர்லயா கீறோம் என்று அம்மா உரக்கவே கேட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எஸ்தர் என்ற பெயரிலும் அம்மாவுக்குப் புதுமை தெரியவில்லை. இராயபுரத்தில் அவளிடம் வாடிக்கையாக வஞ்சிரம் வாங்குகிற எஸ்தர்களே நாலைந்து பேர் இருந்தார்கள்.

மீன் அதிகம் போகாத ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் பேச்சு வைத்தோம். எங்கள் பக்கம் அம்மாவும் தாய்மாமன் வேலுவும். அவர்கள் பக்கம் ஆன்ட்டியும் எஃபுவாவும். நடுவில் மொழிபெயர்க்க நான். அம்மா தண்ணீர் கொடுத்தாள். ஆன்ட்டி குடித்துவிட்டுக் காத்திருந்தார். அம்மா காபி கொடுத்தாள். போண்டா வைத்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கானாவில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்ததும், என்ன காரியமாக வந்தீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்க வேண்டும், கேட்காமல் பேச்சு தொடங்காது. அதை அம்மாவிடம் கிசுகிசுத்தேன். "வூட்டுக்கு வந்தவங்கள எதுக்கு வந்தனு கேக்கறதா? நான் இன்னா போலீஸா?" என்று மறுத்துவிட்டாள். இரண்டாவது தட்டு போண்டாவும் காலியானபிறகு மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. பெரிய மனது பண்ணி, நாங்க ஒண்ணும் கேக்கல, ஒங்க பொண்ணுக்கு ஒங்க இஷ்டம் போல செய்யுங்க என்று தொடங்கினார். நம் பக்கத்தில் இதற்குக் கேட்கிறோம் என்று பொருள் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னதும் ஆன்ட்டியின் முகம் மாறியது. ஒன்றும் வேண்டாமா, என் மகள் ஒன்றுமில்லாதவளா என்று கேட்டார்.

பிறகு அவர் தன் பட்டியலைச் சொன்னார். அங்கே கொடுப்பது மாப்பிள்ளை வீடு. பெரியவர்களுக்குப் பாட்டில்கள், பெண்ணுக்குத் துணிகள், அக்காவைக் காவல் காத்ததற்காகத் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பிகள் இருவருக்கும் ஏதாவது, கைக்குழந்தையாக இருந்தபோது மகள் நனைத்த துணிகளுக்கு ஈடாக அம்மாவுக்கு ஒரு துணி. மாமா வாயைப் பிளந்தார். அம்மா மட்டும், பெண்ணை விட்டுக்கொடுக்கிறவளுக்குத்தான் கொடுக்க வேண்டும், நம் ஆட்களும் முன்பு பெண் வீட்டுக்குப் பரியம் போட்டவர்கள்தானே என்று ஒப்புக்கொண்டாள். பெட்டியைத் திறந்து, தனக்கென்று எடுத்துவைத்திருந்த புதுப்புடவையை ஆன்ட்டியின் மடியில் வைத்தாள். அப்படியே திரும்பி, "எனக்கும் ஒண்ணு குடுக்க சொல்லு. நீ மட்டும் நனைக்கலையா? இஸ்கூல் போவசொல்லோ கூட நனைச்சினு தான இருந்த" என்றாள். இதை என் வாயாலேயே, என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவள் எதிரில் ஆங்கிலத்தில் சொல்லவேண்டி வந்தது. எஃபுவாவுக்குப் புரையேறியது. ஆன்ட்டி அந்த இடத்திலேயே தன் தோள்துணியை எடுத்து அம்மாவுக்குப் போர்த்தினார்.

அதுவரை விளையாட்டு. அதற்குப் பின்னால்தான் உண்மையான சரக்கு வெளியே வந்தது: நாங்கள் எங்கே குடியிருப்பது. கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் அங்கே இருக்கட்டும், அப்புறம் மகனும் மருமகளும் இராயபுரத்துக்கு வந்துவிட வேண்டும் என்றாள் அம்மா. நான் சொன்னதும், மொழிபெயர்ப்புக்கு வேலை வைக்காமல் ஆன்ட்டி தமிழிலேயே பதில் சொன்னார்: பத்து. அம்மா மூன்றுக்கு வந்தாள். பத்து. நாலு. ஆன்ட்டி தலையில் கைவைத்து மாமாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். தன் கணவர் இல்லை, கடையைப் பார்க்க வேறு ஆள் இல்லை, இருப்பது ஒரே மகள் என்றார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். புருஷன் இல்லை, இருப்பது ஒரே மகன். இரண்டு பேருமே வாங்க வந்தவர்கள், விற்கிறவர் யாரும் அந்த அறையில் இல்லை. அஞ்சு, அதுக்கு மேல என் உசுரு போனாலும் இல்ல என்று அம்மா முடித்தாள். எஃபுவா என் காதில், அவர்கள் ஆசை தீரப் பேசட்டும், வீட்டுச் சாவி நம்மிடம்தானே இருக்கப்போகிறது என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தின் இரண்டு வருஷம் என்றைக்கோ கடந்துபோயிருந்தது.

ஆன்ட்டி எழுந்தார். தலைக்கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போனார். பெண்ணின் தாய் எழுந்து போய்விட்டாள் என்றால் நம் பக்கத்தில் சம்பந்தம் முறிந்தது என்று பொருள், மாமாவுக்கு வியர்த்துவிட்டது. எஃபுவா நிதானமாக இன்னொரு போண்டாவை எடுத்தாள். அம்மா முதல்மாடி வராந்தாவில் போய் நின்று கீழே பார்த்தாள். ஆன்ட்டி குழாயடியில் நின்று குடங்களை ரசித்தார். செருப்பைக் கழற்றி உதறினார். உலர்த்தியிருந்த வலையைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"அந்த நடைய பாத்தியா?" என்றாள் அம்மா. "வாங்காம போறவ இப்படியா நடப்பா? கூப்டாத. முனை வரிக்கும் போவட்டும்."

அம்மா தன் வாழ்நாளில் ஒரு வாடிக்கையையும் திரும்பக் கூப்பிட்டதில்லை. கூடையோடு அவள் தன் வழியில் நடப்பாள், வந்தால் அவர்கள் வரவேண்டும். ஆன்ட்டியும் கூப்பிடாமல் திரும்பியவர் இல்லை. தெரு முடிந்துகொண்டு வந்தது. முனையில், டீக்கடை ஓரம், ஒரு ஆட்டோக்காரர் அப்போதுதான் வண்டியைத் துடைத்து, சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். அவர் எங்கே போகணும் என்று கேட்க, நேரத்தைக் கடத்த ஒரு வழி கிடைத்தது என்று ஆன்ட்டி நின்றார். லாட்ஜின் சீட்டைக் காட்டினார். அவர் எண்பது என்று விரல்காட்ட, ஆன்ட்டி கணீரென்று பத்து என்றார். மண்ணடிக்குப் பத்து ரூபாய்க்கு எந்த ஆட்டோவும் வராது என்று அந்த ஒரு வாரத்தில் அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்டார்.

"பத்தா? இன்னாமே, சும்மா தள்ளிகினு போவட்டுமா வண்டிய?" என்று ஆட்டோக்காரர் சிரித்தது எங்களுக்கு மேலே கேட்டது. பிறகு சாமி படத்தை ஒருதரம் பார்த்தார். "சரி, ஏறு. மொத போணி, வேணாம்னு சொல்லக்கூடாது."

எஃபுவா வராந்தாவுக்கு வந்திருந்தாள். ஆட்டோக்காரர் ஒத்துக்கொண்டாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கையிலிருந்த போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டாள். அப்படியென்றால் என் அம்மா ஏறித்தான் ஆகவேண்டும், ஏறிப் போய்விட்டால் தானாகத் திரும்பி வரமாட்டாள், அவள் குணம் எனக்குத் தெரியும் என்றாள். அவர்களுக்கு மறுநாள் இரவு விமானம். வெங்காய மூட்டைக் கதையை அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கீழே ஆன்ட்டி ஒரு காலை ஆட்டோவில் வைத்தார். வைத்தபடியே திரும்பி, எங்கள் வராந்தாவை அண்ணாந்து பார்த்தார். டெமா சந்தையில் எத்தனையோ சனிக்கிழமைகள் அவர் பின்னால் நடந்திருக்கிறேன், அவர் திரும்பிப் பார்த்ததை அன்றுதான் கண்டேன். பிறகு ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி கிளம்பியது.

அம்மா செருப்புப் போடாமல், புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள். தெருவே நின்று பார்த்தது. "சம்மந்தீ" என்று கத்தினாள். "இரு சம்மந்தி. வண்டிய நிறுத்துடா."

ஆட்டோ நின்றது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அம்மா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முதல் காரியமாகச் சுருக்குப்பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து, போணியக் கெடுத்துக்காத என்று ஆட்டோக்காரர் கையில் திணித்தாள். ஆன்ட்டி இறங்கினார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை. அம்மாவின் புழுதிக் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லிய குரலில், "பத்து?" என்று கேட்டார்.

"பத்து" என்றாள் அம்மா.

கூப்பிட்டவள் தோற்றவள் என்று அவளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவளுக்குள் இருந்த மீன்காரி திரும்பி வந்துவிட்டாள். பைக்குள் இன்னொரு மீனைத் தூக்கிப் போடுவதுபோல் கையைக் காட்டி, "சரி, கொசுறு இன்னா குடுப்ப, அத்த சொல்லு" என்றாள். நான் வாய் திறப்பதற்கு முன்பே ஆன்ட்டி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்தக் கையசைவு அவர் அன்றாடம் பார்ப்பது. என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

சித்திரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை போடுகிறார்கள் அல்லவா, அதைத்தான் அம்மா கேட்டாள். "கடல் மூடற மாசத்துல வருசா வருசம் ரெண்டு பேரும் இங்க வந்து கெடக்கணும். அப்போ ஏலமும் கெடையாது, யாவாரமும் கெடையாது. தனியா குந்திகினு செவுத்த பாத்துகினு இருக்க முடியல நைனா." போனில் ஒருநாளும் அவள் எனக்குச் சொல்லாதது இது. ஆங்கிலத்தில் பாதி சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. மீதியை ஆன்ட்டி கேட்கவில்லை. தந்தேன் என்று அம்மாவின் கையில் தட்டினார். நானும் கூடவே வருவேன், ஆனால் இனிமேல் ஆட்டோவுக்கு இவளே பேசட்டும் என்றார். மேலே போனதும், அவர்கள் முறைப்படி, இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதமா என்று எஃபுவாவை மூன்று தரம் கேட்டார்கள். இரண்டு தரம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, மூன்றாம் தரம் சரி என்றாள்.

அன்று பேசியபடி வருஷம் தவறாமல் போய்வருகிறோம். பத்து இன்னும் முடியவில்லை. எங்கள் மகள் இராயபுரத்தில் கொசுறு கேட்கவும் டெமாவில் கடைக்காரியின் பிள்ளைகளை நலம் விசாரிக்கவும் பழகிவிட்டாள். கடல் திறக்கிற சமயம் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கம்பித் தடுப்புக்கு வெளியே அம்மா நிற்பாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடப்பேன். பெட்டிக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன். ஷூவைக் கழற்றி உதறுவேன். இல்லாத கல் ஒன்று அதில் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறது. அந்தப் பக்கம் அக்ரா விமான நிலையத்தில், ஆன்ட்டி கடையை விட்டுச் சென்னைக்கு வரமுடியாமல் எங்களை மட்டும் அனுப்பிவைக்கிற வருஷங்களில், அங்கேயும் என் கால் இதே நடைதான் நடக்கிறது. அவர் பார்த்துச் சிரிப்பார், பல்லிடுக்கில் அந்தச் சத்தம் வந்துவிடும்போல இருக்கும். இரண்டு பேருக்கும் அந்த நடை என்னவென்று தெரியும். பேசி முடித்த பேச்சு என்பதால் இரண்டு பேருமே கூப்பிடுவதில்லை.